கேம்பிங் போனால் காபியைக் கொல்லணுமா?

முதலிலேயே சொல்லிடறேன். இது சண்டைக்கான பதிவு. யாரோடு சண்டை என்றால், லாங் வீக்எண்ட் வந்ததும் நாலு பேராகப் பணம் போட்டு ஒரு குட்டி ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து, அதைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மலைக்கும் பாலைவனத்துக்கும் கிளம்பும் என் சக மாணவ மணிகளோடு. பார்க்கப் போகும் இடமெல்லாம் அபாரம். கொண்டு போகும் காபி மட்டும் ஒரு பாட்டில் இன்ஸ்டன்ட் தூள், ஒரு டப்பா கிரீமர். கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்தான். "கேம்பிங்ல எதைக் குடிச்சாலும் நல்லாத்தான்டா இருக்கும்."

இருக்காது. குளிரில் நடுங்குகிறவனுக்குச் சூடாக எதைக் கொடுத்தாலும் இதமாகத்தான் இருக்கும். வெறும் வெந்நீர் கூட. அந்த இதத்தைக் காபியின் கணக்கில் எழுதக் கூடாது.

இன்ஸ்டன்ட் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். தொழிற்சாலையில் ஏற்கெனவே போட்டு முடித்த காபியைச் சுண்ட வைத்து, சூடான காற்றில் தூவித் தூளாக்குவதுதான் அதில் மலிவான வகை. வாசனையில் பெரும்பகுதி அங்கேயே ஆவியாகிப் போகிறது. அதாவது நீங்கள் குடிப்பது காபியின் திதிச் சாப்பாடு. இந்த நாட்டில் இது ஒன்றும் புதிய சங்கதியும் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) வடக்குப் படைச் சிப்பாய்க்கு வருடத்துக்கு ஏறக்குறைய 16 கிலோ காபி ரேஷன். சுமையைக் குறைக்கலாமே என்று ராணுவம் காபி, பால், சர்க்கரை மூன்றையும் சுண்டக் காய்ச்சிக் களிம்பாக்கிக் கொடுத்துப் பார்த்தது. வண்டி அச்சுக்குப் போடும் மசகு மாதிரி இருக்கிறது என்று சிப்பாய்கள் தொட மறுத்துவிட்டார்கள். தலைக்கு மேல் குண்டு பறந்துகொண்டிருந்த ஆட்களே கொட்டையை நசுக்கித் தகர டப்பாவில் கொதிக்க வைத்துக் குடித்திருக்கிறார்கள். நமக்கு என்னய்யா கேடு? பேக்கல்டி பார்க்கிங்கைத் தவிர வேறென்ன எதிரி நமக்கு?

கிரீமரைப் பற்றி ஒரு பாரா தனியாகத் திட்டணும். டப்பாவைத் திருப்பிப் படித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் சோளச் சர்க்கரைப் பாகின் உலர் தூளும் தாவர எண்ணெயும்தான். பால் என்று சொல்ல அதில் கொஞ்சம் பால் புரதம் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவு. ஊரில் பாலில் தண்ணீர் கலந்த பால்காரரை அம்மா வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள். இங்கே எண்ணெயைத் தூளாக்கி டாலர் வாங்கிக்கொண்டு கொடுக்கிறான், வாயைத் திறக்காமல் கலக்கிக் குடிக்கிறோம்.

சரி, இது ஒரு கோஷ்டி. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. இவர்களுக்குக் காபி ருசி தெரியும். தெரிந்ததால் வந்த வினை. ட்ரெய்லர் என்றாலே வீட்டுச் சமையலறை சக்கரம் கட்டிக்கொண்டு வந்தது என்று நினைப்பு. காப்ஸ்யூல் போட்டுப் பொத்தான் அழுத்தும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த மெஷின் சூடாகும்போது 1500 வாட் வரை இழுக்கும். ட்ரெய்லரில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி. வகுத்துப் பாருங்கள், 125 ஆம்பியர். நடுவில் இன்வெர்ட்டரில் ஆகும் நஷ்டம் தனி. ஒரு சின்ன பேட்டரியிடம் இதைக் கேட்பது, ஊதுபத்தி விற்கிற பையனிடம் ரெண்டாயிரத்துக்குச் சில்லறை கேட்பது மாதிரி. அப்புறம் என்ன செய்வார்கள்? ஜெனரேட்டரைப் போடுவார்கள்.

போன வசந்தத்தில் நாங்கள் தங்கிய ஒரு முகாமில் பக்கத்து இடத்துக்காரர் விடியற்காலையில் அதைத்தான் செய்தார். மரங்கொத்தி தட்டுகிற சத்தம் ஒன்று கேட்டுக்கொண்டிருந்தது, தூரத்தில் ஓடை. படபடபடவென்று ஆரம்பித்தது பாருங்கள், திருவிழா லைட் செட்காரர் வந்து இறங்கின மாதிரி. சுற்றியிருந்த எட்டுக் கூடாரமும் எழுந்து உட்கார்ந்தது. ஒரு கப் காபிக்கு. பல பூங்காக்களில் ஜெனரேட்டருக்கு இன்ன நேரம் என்று விதியே போட்டிருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஒருத்தரால்தான் போட்டிருப்பார்கள்.

இந்த இரண்டு கோஷ்டிக்கும் நடுவில், கைக்கு எட்டுகிற தூரத்தில், ஒரு சாமான் இருக்கிறது. மின்சாரம் வேண்டாம். காகித வடிகட்டி வேண்டாம். கீழே விழுந்தால் உடையாது. நடுங்குகிற ட்ரெய்லரில் ஆயிரம் மைல் உருட்டினாலும் ஒரு சொட்டை விழும், அவ்வளவுதான். உள்ளுக்குள்ளேயே பொடியை அடைத்து எடுத்துப் போகலாம், இடமும் மிச்சம். நம்ம ஊர் எவர்சில்வர் பில்டர். வந்த புதிதில் எல்லார் பெட்டியிலும் அம்மா ஒன்று வைத்து அனுப்பியிருப்பார்கள். இப்போது அது உங்கள் அபார்ட்மென்டில் சிங்குக்குக் கீழே, பிரஷர் குக்கரின் பழைய கேஸ்கெட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

ஏன் கிடக்கிறது? இங்கேதான் எனக்கு நிஜமாகவே கோபம் வருகிறது. முதல் டிரிப்பில் நான் பில்டரை வெளியே எடுத்தபோது ஒரு சீனியர் சொன்னார்: "டேய், இங்கயும் வந்து எவர்சில்வர் பாத்திரத்தைக் கடைபரப்பாத, பட்டிக்காடு மாதிரி." அதே சீனியர் ஆறு மாதம் கழித்து நாற்பது டாலருக்கு ஒரு பீங்கான் கூம்பு வாங்கினார். அடியில் ஓட்டை. மேலே பொடி. அதற்கு மேலே வெந்நீர். கீழே சொட்டுகிறது. இதற்கு 'போர் ஓவர்' என்று பெயர், கைவினைக் கலை என்று மரியாதை. மெலிட்டா பென்ட்ஸ் என்ற ஜெர்மானிய அம்மையார் 1908ல் மகனின் நோட்டுப் புத்தகத்து மை ஒற்றும் தாளையும் ஓட்டை போட்ட பாத்திரத்தையும் வைத்துச் செய்த ஏற்பாடு. அருமையான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டை போட்ட பாத்திரத்தை நாலு தலைமுறையாகத் தினமும் இருவேளை பயன்படுத்தும் வீட்டுப் பையனுக்கு அது ஜெர்மனி வழியாக வந்தால்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், பிரச்சினை காபியில் இல்லை.

"சரி, பில்டர் மெதுவாச்சே, காலையில் யார் இருபது நிமிஷம் காத்திருப்பது?" இதுதான் அடுத்த ஆட்சேபம். யாரும் காத்திருக்க வேண்டாம். ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் அடுப்பில் கடைசியாகக் கொஞ்சம் தண்ணீர் கொதிக்க வையுங்கள். பில்டரை முதலில் வெந்நீரில் ஒரு அலசு அலசிச் சூடாக்கணும். மலைக்குளிரில் சில்லென்று இருக்கும் எவர்சில்வரில் நேராகக் கொதிநீரை விட்டால் அதன் சூட்டில் பாதியைப் பாத்திரமே தின்றுவிடும். பொடி, தட்டாமல் இடிக்காமல் மூன்று குவியல் மேஜைக்கரண்டி, ஏறக்குறைய இருபது கிராம். குடையை மேலே லேசாக வைத்து, ஒரு சுற்றுத் தண்ணீர் விட்டு, பொடி நனைந்து உப்ப அரை நிமிஷம் கொடுத்து, மீதியை விட்டு மூடிவிடுங்கள். மொத்தம் 120 மில்லி போதும். மேலே ஒரு கம்பளிக் குல்லாவை மாட்டுங்கள் (துவைத்த குல்லாவாக இருந்தால் உத்தமம்). போய்த் தூங்குங்கள். காலையில் கீழறையில் ரெண்டு பேருக்கான கெட்டி டிகாக்ஷன் தயாராக இருக்கும். அதை அடுப்பில் நேராக வைத்துச் சூடாக்கினால் கசக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்துச் சூடாக்கணும். அல்லது பாலைப் பொங்கக் காய்ச்சி அப்படியே ஊற்றணும்.

இன்னொரு கூட்டம் இயற்பியலோடு வரும். மலை மேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் காபி இறங்காது என்பார்கள். பாதி உண்மை. 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். யோசெமிட்டியின் துவாலமி மெடோஸ் 2,600 மீட்டர் உயரம், அங்கே 91 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும். ஆனால் காபிக்குத் தேவையான சூடே 90க்கும் 96க்கும் நடுவில்தான். பருப்பு வேகாமல் போகலாம், அதற்காக அழுங்கள், நானும் கூட அழுகிறேன். காபிக்கு மலை எதிரி கிடையாது. சொல்லப்போனால் தரையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிப் பொடியைக் கருக்குகிறவர்களுக்கு மலை ஒரு நல்ல வாத்தியார். அடுப்பை அணைத்த கையோடு ஊற்றிவிடணும், அவ்வளவே வித்தியாசம்.

எதிரி வேறு இரண்டு இருக்கிறது. ஒன்று, தண்ணீர். ட்ரெய்லரின் தொட்டித் தண்ணீரில் பிளாஸ்டிக் வாசனையும் தொட்டி கழுவின குளோரின் வாசனையும் இருக்கும். அதைக் கை கழுவ வைத்துக்கொண்டு, குடிக்கவும் காபிக்கும் தனியாக ஒரு கேனில் நல்ல தண்ணீர் எடுத்துப் போகணும். இன்னொன்று, பொடி. இந்த ஊர்க் கடைகளில் அரைத்து டப்பாவில் அடைத்து விற்பது அவர்களது டிரிப் மெஷினுக்கானது. நம் பில்டருக்கு அது கொரகொரப்பு அதிகம். தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், டிகாக்ஷன் வராது, வருவது காபி நிற வெந்நீர். பலர் ஒருமுறை இப்படிச் செய்து பார்த்துவிட்டுத்தான் "பில்டர் இங்கே சரிப்படாது" என்று சிங்குக்குக் கீழே தள்ளினார்கள். பில்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. கொட்டையாக வாங்கிக் கை மெஷினில் கொஞ்சம் நைஸாக அரைத்தால் போதும். கை மெஷின் இல்லாதவர்கள் கடையில் வைத்திருக்கும் அரவை மெஷினில் அளவைக் குறைத்து அரைத்துக்கொள்ளலாம்.

சிக்கரி? ஊரிலிருந்து வருகிறவர்கள் பையில் கால்வாசி அதுதான் வருகிறது என்றாலும், தீர்ந்துபோனால் வானம் இடிந்து விழாது. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் நமக்கு ஒருவகையில் பங்காளிகள். மேலே சொன்ன அதே உள்நாட்டுப் போரில் வடக்குப் படை துறைமுகங்களை முற்றுகையிட, தெற்கே காபி வரத்து நின்றுபோய், சிக்கரி வேரை வறுத்துக் கலந்து ஒப்பேற்றினார்கள். போர் முடிந்தும் நாக்கு மாறவில்லை. இன்றும் அங்கே காபியில் சிக்கரி உண்டு. கஃபே டு மோண்ட் என்ற அவர்களுடைய மஞ்சள் டப்பா இங்குள்ள வியட்நாம் கடைகளில் கிடைக்கும், ஏனென்றால் வியட்நாம்காரர்களும் நம்மைப் போலவே சொட்டுச் சொட்டாக இறங்கும் தகர பில்டர்க்காரர்கள். தஞ்சாவூர்க்காரன் அமெரிக்காவில் டிகாக்ஷன் குடிக்க, நியூ ஆர்லியன்ஸ் பொடியை வியட்நாம் மளிகைக்கடையில் வாங்குகிறான். எம்.எஸ். படிக்க வந்து நான் கற்றுக்கொண்ட உலகமயமாக்கல் பாடம் இதுதான் :-)

பால் விஷயத்தை வேகமாக முடிக்கிறேன். ஐஸ் பெட்டியில் இடமிருந்தால் ஹோல் மில்க். இல்லாவிட்டால் குளிர்சாதனம் கேட்காத அட்டைப்பெட்டிப் பால், அல்லது எவாபரேட்டட் மில்க் டின். டின் பாலில் சமமாகத் தண்ணீர் சேர்த்தால் சாதாரணப் பால், கொஞ்சம் குறைவாகச் சேர்த்தால் டிகிரி காபிக்காரர் கெட்டார். கண்டென்ஸ்டு மில்க் வேறு, அதில் சர்க்கரை இருக்கும், ரெண்டையும் குழப்பிக்கொண்டு என்னைத் திட்டாதீர்கள்.

ஏரோபிரஸ் வைத்திருப்பவர்கள் கொந்தளிக்க வேண்டாம். 2005ல் ஆலன் அட்லர் கொண்டுவந்த அந்த பிளாஸ்டிக் குழாய் கெட்டிக்கார சாமான், பறக்கும் வளையம் செய்த அதே மூளை. பால் இல்லாமல் கறுப்பாகக் குடிக்கிறவருக்கு நானே சிபாரிசு செய்வேன். இத்தாலிக்காரர்களின் மோக்கா பாத்திரமும் (1933) பாலோடு ஒத்துப்போகும் சரக்குத்தான் கொடுக்கிறது. கண்ணாடி பிரெஞ்சு பிரஸ்ஸை ட்ரெய்லரில் ஏற்றுகிறவரைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதற்கில்லை. முதல் மண் ரோட்டில் அது தானே சொல்லிவிடும்.

இப்போது சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு விஷயம். உண்மையில் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நாங்கள் எடுப்பது டியர்டிராப் என்கிற கண்ணீர்த்துளி வடிவ ட்ரெய்லர். உள்ளே ரெண்டு பேர் படுக்கலாம், அவ்வளவுதான். பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையல் மேடை. வெளியே நின்றுதான் சமைக்கணும். சமீபத்தில் நம் ஜூனியர் கோஷ்டி ஒன்று, வெளியே குளிருகிறது என்று கேஸ் அடுப்பை உள்ளே எடுத்துப்போய், கதவை மூடிக்கொண்டு தண்ணீர் வைத்ததாகப் பெருமையாகச் சொன்னார்கள். காபியும் ஆச்சு, ஹீட்டரும் ஆச்சாம். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

மூடிய சின்ன இடத்தில் அடுப்பு எரிந்தால் ஆக்சிஜன் குறையும், சுடர் சரியாக எரியாது, கார்பன் மோனாக்ஸைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, தூக்கம், அவ்வளவுதான் தெரியும், அதையும் மலை ஏறின களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவோம். இந்த நாட்டில் தீ விபத்து அல்லாமல் தற்செயலாக இந்த வாயுவால் மட்டும் வருடத்துக்கு 400 பேருக்கு மேல் சாகிறார்கள் என்று சிடிசி சொல்கிறது. அந்த டியர்டிராப் உள்ளறை நம் ஊர் பீரோவைப் படுக்க வைத்ததைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் அடுப்பு! வாடகைக்கு எடுக்கும்போது அலாரம் இருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் கத்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். கத்தினாலும் அடுப்பு வெளியேதான். அணைந்த கரி அடுப்பும் உள்ளே வரக்கூடாது, கனல் மிச்சம் இருந்தால் அதுவும் அதே வேலையைச் செய்யும்.

ராத்திரியே டிகாக்ஷன் போட்டுவைக்கச் சொல்வதில் எனக்கு இந்தக் கணக்கும் உண்டு. விடியற்காலைக் குளிரில், தூக்கக் கலக்கத்தில், அடுப்போடு செலவழிக்கும் நேரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பால் காய்ச்ச ஐந்து நிமிஷம் வெளியே நின்றால் செத்துப்போக மாட்டோம். உள்ளே நின்றால்தான் சாவு.

கேஸ் செலவும் ஒன்றும் பிரமாதமில்லை. தண்ணீரும் பாலுமாக ஒரு லிட்டரை 10 டிகிரியிலிருந்து 95க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 356 கிலோஜூல். அடுப்பு பாதிச் சூட்டைக் காற்றுக்குத் தானம் செய்தாலும் 15 கிராம் புரொப்பேன் போதும். அந்தப் பச்சைக் குட்டி சிலிண்டரில் 465 கிராம் இருக்கும், முப்பது தடவை காபி போடலாம். காற்று அடித்தால் கணக்கு பாதியாகும், அடுப்பைச் சுற்றித் தகரத் தடுப்பு வையுங்கள். ஆனால் அந்தக் குட்டி சிலிண்டர் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிவது. குப்பையில் வெடிக்கிறது, யாரும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று கலிபோர்னியாவில் 2022ல் சட்டமே போட்டு, 2028 ஜனவரி முதல் அதன் விற்பனைக்குத் தடை வைத்திருக்கிறார்கள். நிரப்பிக்கொள்ளும் வகையை இப்போதே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு பீட்சா காசு.

மிச்சமாகும் சக்கை. இதைச் செடிக்கு உரம் என்று சொல்லிக் காட்டுக்குள் வீசுகிற இயற்கை விஞ்ஞானிகள் நம் டிபார்ட்மென்டிலேயே இருக்கிறார்கள். உங்கள் வீட்டு ரோஜாத் தொட்டிக்கு அது உரம். காட்டில் அது குப்பை. தினம் ஐம்பது குடும்பம் தங்கும் முகாமில் ஆளாளுக்கு வீசினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ட்ரெய்லர் சிங்கில் கொட்டினால் அழுக்குத் தண்ணீர்த் தொட்டிக் குழாய் அடைத்துக்கொண்டு, வாடகைக்கு விட்டவர் டெபாசிட்டில் கை வைப்பார். பில்டர் சக்கை ஒரு தட்டு தட்டினால் அப்பம் மாதிரி முழுசாக விழும், ஜிப் பையில் போட்டு எடுத்து வந்துவிடலாம். கரடி உலாவும் பூங்கா என்றால் அந்தப் பையும் பொடி டப்பாவும் ராத்திரி இரும்புப் பெட்டிக்குள் போகணும். சாப்பாடு மட்டும்தானே வைக்கச் சொன்னார்கள் என்று வாதாட வேண்டாம், வாசனை வருகிற எல்லாமே கரடிக்குச் சாப்பாடுதான். இறங்கிக்கொண்டிருக்கும் பில்டரை மட்டும் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதையும் குல்லாவோடு சேர்த்து நிமிர்த்தி அந்தப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டுவோம். இதுவரை ஒரு சொட்டு சிந்தியதில்லை.

அடுத்த மாதம் டெத் வேலி. பர்னஸ் கிரீக் முகாம் கடல்மட்டத்துக்கு 58 மீட்டர் கீழே, தண்ணீர் நூறு டிகிரியைக் கொஞ்சம் தாண்டித்தான் கொதிக்கும். ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிஷம் ஆறவிடணும். அந்தச் சீனியரும் வருகிறார், பீங்கான் கூம்போடு. பீபரி நான் வாங்குகிறேன், பால் அவர் பொறுப்பு என்று பேச்சு. கிரீமர் டப்பா யார் பையிலாவது தென்பட்டால் அந்த ஆளைப் பாதி வழியில் இறக்கிவிடுவதாக நாலு பேரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம்.